நாற்பத்தொரு பொய்க்குழிகளும் ஒரு நிஜக்குழியும்

வரைபடம் போடுகிறவனுக்கு வழி தவறாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பல் மருத்துவரிடம் போவதற்கே இரண்டு முறை வழி தவறியிருக்கிறது. மூன்றாவது முறை சரியாகப் போய்ச் சேர்ந்தபோது பல் தானாகவே விழுந்திருந்தது. படம் போடுவது வேறு, வழி தெரிவது வேறு. சமையல் புத்தகம் அச்சடிக்கிறவருக்குச் சமைக்கத் தெரிய வேண்டுமா என்ன.

நேற்று நீங்கள் ஒரு காகிதக் கட்டையும் பேனாவையும் கொடுத்து, "ஆரம்பத்துல இருந்து எழுதுங்க, அவசரமில்ல" என்றீர்கள், சார். அந்த "அவசரமில்ல" எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் யாரும் அப்படிப் பேசி வெகுநாளாகிறது. இந்த அறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் இருக்கின்றன. என் வீட்டிலும் இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். பேச்சுத்துணைக்குப் பிரிண்டர் மோசமில்லை. எப்போதாவது காகிதம் சிக்கினால் குரல் கொடுக்கும்.

மனைவி பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பத்து நாளில் வருவதாகச் சொன்னாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் செய்ய ஏதாவது கிடைத்திருக்கும். அவள் கிளம்பும்போது நான் கணினியில் இருந்தேன். "கதவைச் சாத்திட்டுப் போ" என்று சொன்னதாக ஞாபகம். சாத்திவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு அக்கா மட்டும் மாதம் ஒருமுறை போன் செய்து "சாப்டியா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் தன் மருமகளைப் பற்றிய புகாரை ஆரம்பித்துவிடுவாள். அதையும் நான் குறை சொல்லவில்லை. கேள்வி என்று ஒன்று கேட்கிறாள் அல்லவா.

வேலைக்கு வருகிறேன்.

பதினாறு வருடம் நகரத்து வடிகால் பிரிவில் இருந்தேன். மழை பெய்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக ஓடும், எங்கே தேங்கும் என்று கணினியில் படம் போடுவது என் வேலை. அந்த வேலைக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. கணினிக்குள் இருக்கும் தரையில் சின்னச்சின்னப் பள்ளங்கள் இருந்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், கணக்கு மேலே ஓடாது. அதனால் எதையும் தொடங்குமுன் "பள்ளங்களை நிரப்பு" என்ற பொத்தானை அழுத்திவிட வேண்டும். அழுத்தினால் தரை சவரம் செய்த முகம் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். பதினாறு வருடம் அழுத்தியவனுக்குக் கை தானாகப் போகும்.

அப்படிப்பட்டவனைத்தான் தொல்லியல் பேராசிரியை ஒருவர் குழி தேடும் வேலைக்கு எடுத்தார்.

அந்த மலையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஐந்தாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே ஆட்கள் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டிச் சிக்கிமுக்கிக் கல்லை எடுத்தார்கள். கற்கோடரி செய்வதற்கு. எடுத்த இடமெல்லாம் குழி. பிறகு மண் சரிந்து, இலை விழுந்து, மரம் முளைத்து, இப்போது நடந்து போனால் கால் லேசாகத் தாழும், அவ்வளவுதான். ஆகவே மேலிருந்து குட்டி விமானத்தைப் பறக்கவிட்டு லேசர் கதிரால் தரையைத் தொட்டுத்தொட்டு அளப்பார்கள். கோடிக்கணக்கான புள்ளிகள் வரும். அதில் மரம், புதர், இலை எல்லாவற்றையும் நான் கணினியில் கழற்றி எடுத்துவிடுவேன். மிச்சம் வெறும் தரை. அப்போது மலையின் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியும். நான் பார்த்த வேலைகளிலேயே அழகானது அது.

முதல் வாரமே பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தி எல்லாக் குழிகளையும் மூடிவிட்டேன். பேராசிரியை திரையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், மலைக்கு இஸ்திரி போட்டுட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பச் செய்தேன். ஆயிரத்து இருநூற்றாறு குழிகள் வந்தன.

ஆனால் இன்னொரு படி இருந்தது. தரையைவிட மிக ஆழத்தில் ஏதாவது புள்ளி விழுந்தால், அது லேசரின் கோளாறு என்று கணினி சந்தேகப்படும். "இது பிழையாக இருக்கலாம். நீக்கவா?" என்று கேட்கும். பெரும்பாலும் அது பிழைதான். வடக்குச் சரிவில், முட்புதர் மண்டிய ஓர் இடத்தில், ஒன்பது புள்ளிகள் ஏழு மீட்டர் ஆழத்தில் விழுந்திருந்தன. நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றேன். ஒரு கையில் தேநீர் இருந்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யோசனைகூட இல்லை.

இனி சில்லு.

அவர் கல் ஆராய்ச்சிக்காரர். கோடரி செய்யும்போது தெறித்து விழும் சில்லுகளைப் பார்த்தே செய்தவன் இடக்கையனா வலக்கையனா என்று சொல்வார். அதனால் அந்தப் பெயர். முப்பத்தெட்டு வயது, சதா வாய் ஓயாது. மனைவி, ஆறு வயது மகள். கணினி காட்டும் குழிகளை நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கையில் டேப்லெட் இருக்கும். அதில் பார்க்காத குழி மஞ்சளாக இருக்கும். பார்த்துக் குழிதான் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. அந்த நடைக்கு அவரும் நானும்தான். மூன்று பருவமாக, வாரத்துக்கு ஐந்து நாள், காலை எட்டு மணியிலிருந்து.

"அண்ணா, உங்க முட்டி சத்தம் போடுது. பறவையெல்லாம் பறக்குது பாருங்க" என்பார்.

"நீ வாயை மூடினா பறவை திரும்பி வரும்" என்பேன். வீட்டில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. எனக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே ஐம்பத்தோராவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் ஒரு குழியின் விளிம்பில் மண்ணைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சில்லுகள் இரண்டு பிறை மாதிரி கிடந்தன, எதிரும் புதிருமாக. நடுவில் வெறும் மண். "ரெண்டு பேர் உக்காந்த இடம் அண்ணா. கால நீட்டி உக்காந்திருக்கான், அதான் அங்க சில்லு விழல. முகத்துக்கு முகம். கல்லு உடைக்கத் தனித்தனியா உக்காரலாம், எடம் எவ்வளவோ இருக்கு. பேசிக்கிட்டே உடைச்சிருக்கானுங்க."

"என்ன பேசியிருப்பாங்க?"

"உங்கள மாதிரி ஒருத்தன் முட்டி வலின்னு சொல்லியிருப்பான். என்ன மாதிரி ஒருத்தன் கேட்டுத் தொலைச்சிருப்பான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பிடுவேன். அவர் மனைவி உருளைக்கிழங்கை மசித்து, மிளகை அள்ளிப் போட்டு, ரொட்டிக்குள் வைத்துத் தருவார். கண்ணில் தண்ணீர் வரும். "அண்ணா அழறார், இன்னொன்னு வை" என்பார் சில்லு. பெண் குழந்தை என்னை "மேப் பெரியப்பா" என்று கூப்பிடும். இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்ததா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். இல்லை.

மூன்றாவது பருவம் முடிய ஆறு நாள் இருந்தபோது, வேனில் ஏறிக்கொண்டே சொன்னார். "அண்ணா, எனக்கு வேலை கெடச்சிருச்சு. மியூசியத்துல. தூரம்தான், ரயில்ல ஒன்றரை நாள். அடுத்த மாசம் எல்லாரும் கிளம்பறோம்."

"நல்லது" என்றேன். நல்ல செய்திதான். வாழ்த்தினேன். வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் பிரிண்டர்.

மறுநாள் அலுவலகத்தில், ஆயிரத்து இருநூற்றாறு குழிகளோடு நாற்பத்தொரு குழிகளைச் சேர்த்தேன்.

அவை எங்கும் இல்லாதவை. நான் வரைந்தவை. நன்றாகவே வரைந்தேன். விளிம்பு கொஞ்சம் உடைந்த மாதிரி, உள்ளே மண் சரிந்த மாதிரி. ஒரு குழிக்குக் கால் மணி நேரம் ஆனது. "கடைசி நேரத்துல புதுசா கொஞ்சம் தெரியுது" என்று பேராசிரியையிடம் சொன்னேன். ஆறு நாள் வேலை பதினேழு நாளாயிற்று. அதில் என்ன பெரிய குற்றம் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது.

சில்லு போய்ப் பார்ப்பார். சுற்றிச்சுற்றி வருவார். "இங்க ஒண்ணுமே இல்லையே அண்ணா."

"மெஷின் சொல்லுது."

"உங்க மெஷினுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க." சிவப்பைத் தட்டிவிட்டு அடுத்ததற்கு நடப்பார்.

பேராசிரியை மட்டும் ஒருநாள், "இந்த வாரம் ஏன் இவ்வளவு சிவப்பு?" என்று கேட்டார். அடர்ந்த மரத்தடியில் லேசர் ஏமாந்துபோகும் என்றேன். அவர் கல்லைத் தவிர எதையும் எளிதில் நம்பாதவர். ஆனாலும் தலையாட்டினார்.

கடைசி மூன்று பொய்க்குழிகளை வடக்குச் சரிவில் வைத்திருந்தேன். அங்கே பாதை கிடையாது. முட்புதர். நிஜக்குழி ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லாததால் யாரும் போனதில்லை. தூரமான இடம், மெதுவாகத்தான் நடக்க முடியும், ஒரு முழு நாள் ஓடும் என்பதற்காகத்தான் அங்கே வைத்தேன். வேறு காரணம் இல்லை. அந்த ஒன்பது புள்ளிகளை நான் சுத்தமாக மறந்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் பொய் சொல்கிற இடங்களை நானே சொல்லிக்கொண்டு வருகிறேன் அல்லவா.

புதன்கிழமை. பேராசிரியை பல்கலைக்கழகத்தில் இருந்தார். வேன் டிரைவர் எங்களை மலையடிவாரத்துத் தகர அறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார், மாலைதான் வருவார். அன்றைக்குப் பார்த்து என் முட்டி வீங்கிவிட்டது. அதில் நடிப்பு இல்லை.

"நீங்க இங்கயே உக்காருங்க அண்ணா. இந்த முட்டியத் தோண்டினாலே ஆறு கோடரி கிடைக்கும். மூணு குழிதானே, நான் போய் சிவப்பு தட்டிட்டு வந்துடறேன்."

போனார். டேப்லெட் எங்கே நகர்கிறதோ, என் மடிக்கணினியில் ஒரு நீலப் புள்ளி நகரும்; அது ரேடியோ அலையில் வருவது, போன் சிக்னல் தேவையில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பதுக்குப் புள்ளி நின்றது. பொய்க்குழிக்கு நாற்பது அடி இருந்தது. ஏதோ சில்லு கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டரை வரை நின்றிருந்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

புதருக்கு நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய். எட்டிப் பார்த்தேன். ஏழு மீட்டர். அந்த ஒன்பது புள்ளிகளும் ஞாபகத்துக்கு வந்தன. இல்லாத குழியைப் பார்க்கப் போனவர், இருந்த குழிக்குள் விழுந்திருந்தார்.

கீழேயிருந்து குரல் வந்தது. "அண்ணா, உங்க மேப்புல இது இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், பாதியில் நிறுத்தி முனகினார். தொடை எலும்பு முறிந்திருந்தது. போன் வேலை செய்தது, ஆனால் குழிக்குள் சிக்னல் இல்லை. டேப்லெட் உடைந்துபோயிருந்தது. "ஆளைக் கூட்டிட்டு வாங்க அண்ணா. கயிறும் ஸ்ட்ரெச்சரும் வேணும்."

"இதோ" என்றேன். சரிவிலும் சிக்னல் இல்லை. தகர அறைக்குத் திரும்பினேன். அங்கே சிக்னல் நன்றாக இருக்கும். போனைக் கையில் எடுத்தேன். எண்ணையும் தட்டிவிட்டேன். அழைக்கும் பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

அந்த நிமிடம் என்ன நினைத்தீர்கள் என்று நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். படத்தில் நான் செய்தது வெளியே வரும் என்று பயந்தீர்களா என்றும் கேட்டீர்கள். கொஞ்சம் பயந்தேன். ஆனால் நினைத்தது அதை இல்லை. ஸ்ட்ரெச்சர் வரும், மருத்துவமனை வரும், அவர் மனைவி வருவார், அங்கிருந்தே ரயில் வரும் என்று நினைத்தேன். கீழே இருக்கும் வரை அவர் எங்கும் போகப்போவதில்லை என்றும் நினைத்தேன். மிகச் சாதாரணமாக, குடை எடுக்க மறந்தோமா என்பது போலத்தான் அந்த நினைப்பு வந்தது.

போனைப் பையில் போட்டேன். தண்ணீர், ரொட்டி, என் முட்டிக்கு வைத்திருந்த வலி மாத்திரை, ஒரு போர்வை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அளவெடுக்கும் கயிற்றில் கட்டி இறக்கினேன்.

"சொல்லிட்டேன். பாலத்துல மரம் விழுந்து கெடக்காம். அறுத்து எடுத்துட்டு வர நாலஞ்சு மணி நேரம் ஆகுமாம்."

"ஆகட்டும். நீங்க இருக்கீங்கல்ல."

அந்தப் பிற்பகலை நான் எப்படி விவரிப்பேன். மாத்திரை வேலை செய்ததும் அவர் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். போன் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தார். குரலே மாறிப்போயிற்று. "அண்ணா, இது யாரும் தொடாத சுரங்கம். கல்லு அடுக்கு அப்படியே இருக்கு. மான்கொம்பு ஒண்ணு கெடக்கு, கைபிடிச்ச எடம் வழவழன்னு தேஞ்சிருக்கு. சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்னு வச்சுட்டுப் போன மாதிரி வச்சிருக்கான். பதினஞ்சு வருஷமா நான் தேடினது இது. எழுதிக்கோங்க." அவர் சொல்லச்சொல்ல நான் மேலே உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம். அந்தக் காகிதங்கள் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. பேராசிரியை அதைக் கட்டுரையாகப் போடும்போது முதல் பெயராகச் சில்லுவின் பெயர்தான் வர வேண்டும். இதை எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பேசினோம். பிறகு அவர் அப்பாவைப் பேசினோம். பிறகு என் மனைவியைப் பற்றிக் கேட்டார். பதினோரு வருடத்தில் முதல்முறையாகச் சொன்னேன். "கதவைச் சாத்திட்டுப் போன்னா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, "பாவம் அண்ணா நீங்க" என்றார். தொடை முறிந்து கிடக்கிற ஆள் என்னைப் பார்த்துப் பாவம் என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

மாலை டிரைவர் வந்தபோது, சில்லு காலையில் தனியாக மேற்குப் பக்கம் போனார், திரும்பவில்லை என்றேன். மடிக்கணினியில் நீலப் புள்ளி போன தடத்தை அதற்குள் மலைமுகட்டோடு வெட்டி, வடக்குச் சரிவின் மூன்று பொய்க்குழிகளையும் அழித்துவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை எண்பது பேர் தேட வந்தார்கள். உங்கள் போலீஸ் ஆட்கள்கூட வந்தார்கள். மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு வரைபடம் அச்சடித்துக் கொடுத்தது நான்தான். நல்ல படங்கள் அவை. உங்கள் அதிகாரி ஒருவர் தோளைத் தட்டி, "நீங்க இல்லேன்னா எங்களுக்குத் திக்குத் தெரியாது" என்றார். வடக்குச் சரிவுக் கட்டத்தை நானே எடுத்துக்கொண்டேன். முட்டி வலியோடு கடினமான கட்டத்தை எடுத்துக்கொண்டேன் என்று பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

குழிக்குள் கத்தினால் இருபது அடிக்குமேல் கேட்காது. முதல் நாளே தள்ளி நின்று பார்த்து வைத்திருந்தேன். அளப்பது என் தொழில்.

சில்லுவிடம், மீட்பு வண்டி பாதி வழியில் பழுதாகிவிட்டது என்றேன். அடுத்த நாள், கயிறு வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்றேன். ஒவ்வொரு பொய்யையும் விவரமாகச் சொன்னேன், வண்டியின் நிறம் உட்பட. அவர் கேள்வி கேட்பது குறைந்துகொண்டே வந்தது. காய்ச்சல் அடித்தது. ஆனாலும் பேசினார். மகள் பல் விழுந்த கதையை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறையும் எனக்கு அலுக்கவில்லை.

அவர் மனைவி தகர அறையில் இருந்தார், குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மத்தவங்க தேடறதுல எனக்கு நம்பிக்கை இல்ல அண்ணா. அவர் எங்க போவார், எப்படி யோசிப்பார்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன், "கண்டிப்பாம்மா." சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று தேடுகிறவர்களுக்கு ரொட்டி செய்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை எனக்கும் இரண்டு கட்டிக் கொடுத்தார்.

நான் அதைச் சாப்பிடவில்லை. சில்லுவுக்கு எடுத்துப் போனேன். மனைவி கையால் சாப்பிட்டு இரண்டு நாளாகிவிட்டதே என்று தோன்றியது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அதுதான் நான் செய்த ஒரே தவறு என்று சில சமயம் நினைக்கிறேன்.

கயிற்றில் இறக்கினேன். ஒரு கடி கடித்திருப்பார். மிச்சத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன, பிடிக்கலையா?"

"யார் செஞ்சது அண்ணா?"

"கடையில வாங்கினேன்."

"இவ்வளவு மிளகு எந்தக் கடையிலயும் போட மாட்டான்." ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "அவ மலைக்கு வந்திருக்காளா?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"பாலம் நல்லாத்தான் இருக்கு, இல்ல? வண்டியும் வந்திருக்கும். எல்லாரும் வந்திருக்காங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லல."

"சத்தம் போடாதே. உடம்பு அசந்துபோகும்" என்றேன். அவர் சத்தம் போட்டார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், என்னை வேறு பெயர்களில் கூப்பிட்டார். காய்ச்சலில் சொன்னதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தோண்டிய இடங்களை மூடும் தார்ப்பாய் ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் குழியின் வாய்மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். மழை வரும் போலிருந்தது. அன்றைக்கு வானம் தெளிவாக இருந்ததாகப் பதிவு இருக்கிறது என்று நேற்று நீங்கள் காட்டினீர்கள். இருக்கலாம். எனக்கு மழை வரும் போலத்தான் தோன்றியது.

சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கியபோது அவர் அமைதியாக இருந்தார். கெட்டிக்காரர். இரவெல்லாம் யோசித்திருக்கிறார். "அண்ணா, நான் அந்த வேலைக்குப் போகல. வேணாம்னு எழுதிடறேன். இங்கயே இருக்கேன். ஞாயித்துக்கெழமை நீங்க வீட்டுக்கு வாங்க, எப்பவும் போல. யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். நானாத்தான் விழுந்தேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தவறாக நினைப்பீர்கள். நான் அதை நம்பினேன். சற்று முன்பே சொல்லியிருக்கலாமே என்றுகூடக் கடிந்துகொண்டேன். ஆனால் எழுதித் தரச் சொல்லலாம் என்று காகிதத்தையும் பேனாவையும் இறக்கியபோது அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. சரி, நாளைக்குக் கை தெளிந்ததும் எழுதட்டும் என்று விட்டேன். அப்போது கூப்பிட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். மருத்துவர்களுக்கு எல்லாம் பின்னால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசவில்லை என்றே சொல்லலாம். கூப்பிட்டால் "உம்" என்பார். நான் பேசினேன். காலையிலிருந்து பேசினேன். நண்பகலுக்கு நான் எழுந்து கால் நீட்டப் போனபோது கீழேயிருந்து, "அண்ணா, போயிடாதீங்க" என்றார். தெளிவாகச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மேல் "உம்" வரவில்லை.

அதன்பிறகும் ஏழு நாள் போனேன். தேடுகிறவர்கள் கலைந்துபோனார்கள். என் கட்டம் தேடி முடித்ததாகப் பச்சையில் இருந்தது. பேராசிரியை எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, படத்தை முடிக்கப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்தார். அந்தப் பெண் நான் செய்ததை வைத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். நல்ல பழக்கம். வடக்குச் சரிவில் கணினி அவரிடமும் கேட்டிருக்கிறது, ஒன்பது புள்ளிகள் பிழையாக இருக்கலாம், நீக்கவா என்று. அவர் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, நேரில் போய்ப் பார்க்கலாம் என்று பேராசிரியையைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அவர்கள் வரும்போது நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேராசிரியை என்னையும் குழியையும் பார்த்தார். அந்தப் பெண்தான் போனை எடுத்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடினார்.

நீங்கள் கேட்ட வாக்கியத்தை எழுதிவிடுகிறேன். போன் என் பையில் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. புதனிலிருந்து ஞாயிறு வரை ஒவ்வொரு நாளும், கூப்பிட்டால் அவர் பிழைப்பார் என்று தெரிந்தே கூப்பிடவில்லை. தேடியவர்களைத் திசைமாற்றியது நான். குழியின் வாயை மூடியது நான். அவரைக் கொன்றது நான். குழப்பத்தில் செய்தேன் என்று வக்கீல் சொல்லச் சொன்னார். இல்லை, எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

அவர் மனைவி என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொன்னீர்கள். பரவாயில்லை. கோபம் ஆறட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பார்வையாளர்களை விடுவார்களாமே.

நீங்கள் தயாரித்த அறிக்கையைப் படித்தேன். கையெழுத்துப் போடத் தயார். ஒரே ஒரு திருத்தம், சார். ஏழாம் பக்கம், கடைசிப் பத்தியில், "யாருமற்ற நிலையில் உயிரிழந்தார்" என்று இருக்கிறது. அது தவறு. அதை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவர் பக்கத்திலேயேதான் இருந்தேன்.